சிறிது நேரம் இருத்தல் வேண்டும், வருகை நிகழும்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் ஆபீசிலிருந்து சுட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அக்கறையில்லாத முகத்தோடு பல் குத்திக்கொண்டே ஒரு வரி விடாமல் மனதுக்குள் வாங்கிக்கொண்டிருந்தேன். எழுதப்போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அச்சுக்குப் போகும் முன் அவள் ஒருமுறை பார்க்க வேண்டும். சரியென்று சொல்லித் தொலைத்தேன். அதன் விளைவை ஆங்காங்கே அடைப்புக்குறிக்குள் பார்ப்பீர்கள்.

அக்காவின் வேலையைச் சொல்லாமல் கதை நகராது. பெரிய கட்டடங்களுக்கு லிஃப்ட் செய்கிற கம்பெனி அது. இரும்பு வேலையெல்லாம் வேறு ஊரில். எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்று லிஃப்டுக்குப் புத்தி சொல்கிற சாஃப்ட்வேரை இங்கே இருபத்து மூன்று டீம்கள் சேர்ந்து எழுதுகின்றன. லிஃப்ட் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, அந்த டீம்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பவள் அக்கா. அப்படி எழுதப்படும் ஒவ்வொன்றுக்கும் 'தேவை' என்று பெயர். அதனால் ஆபீசில் அவள் 'தேவை மேடம்'. 'தேவை மேடம் தேவைப்படறாங்க' என்று யாராவது மைக்கில் கூப்பிட்டால் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

தேவையை எழுதுகிற சீட்டுக்கு அங்கே 'ஸ்டோரி' என்று பெயர். ஆக, எங்கள் வீட்டில் கதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர். நான் வருடத்துக்கு மூன்று எழுதுகிறேன். அவள் மாதத்துக்கு நாற்பது எழுதுகிறாள், அத்தனையையும் யாராவது படிக்கிறார்கள்.

[அக்கா: அத்தனையையும் இல்லை. பாதி.]

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'மருத்துவமனையின் தரைத்தளத்தில் அந்த லிஃப்ட் வாயைத் திறந்தபடி நின்றிருந்தது, எதையோ சொல்ல வந்து மறந்துபோன —' வேண்டாம். லிஃப்டுக்கு வாய் வைத்தால் அடுத்து மூக்கும் வைக்க வேண்டிவரும்.

'தேவை மேடம் வேகமாக நடந்தாள்.' [அக்கா: எவ்வளவு வேகம்? இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?]

'அன்று காலை வானம்' — அடித்துவிட்டேன். லிஃப்ட் கதையில் வானத்துக்கு என்ன வேலை.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். எட்டு மாடி, பதினான்கு லிஃப்ட். திறப்புக்கு ஆறு வாரம் இருந்தது. சோதனைக்காக ஒரே ஒரு லிஃப்டை ஓட விட்டார்கள். கதவு திறந்தது. பதிமூன்று பேர் ஏறலாம் என்று எழுதியிருந்த லிஃப்டில் பதிமூன்றாவது ஆள் ஏறியதுமே எடை அதிகம் என்று விளக்கு எரிந்தது. ஒருவர் இறங்கினார். விளக்கு அணைந்தது. ஆனால் கதவு மூடவில்லை. உள்ளேயிருந்த திரையில் ஓடி வருகிற மனிதனின் படம் ஒன்று தோன்றியது. அவன் ஓடிக்கொண்டே இருந்தான், வந்து சேரவில்லை. பிறகு ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு சொன்னது:

"சிறிது நேரம் இருத்தல் வேண்டும். வருகை நிகழும்."

இருபது நிமிடம் இருந்தார்கள். எதுவும் நிகழவில்லை. படியேறிப் போனார்கள்.

மருத்துவமனை இன்ஜினியர் அக்காவுக்கு போன் செய்தார். "மேடம், உங்க லிஃப்ட் யாருக்காகவோ காத்துட்டிருக்கு."

"யாருக்கு?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

3

அக்கா சிஸ்டத்தில் தேடினாள். தேவை எண் 4417. 'சிறிது நேரம் இருத்தல் வேண்டும், வருகை நிகழும்.' கேட்டவர் என்ற கட்டத்தில் 'யூசர்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

இந்த ஒரு வரியின் மேல் ஏழு டீம்கள் இரண்டு வருடம் உழைத்திருந்தன. கதவு டீம், வருகை நிகழும்வரை கதவை மூட மறுத்தது. எடை டீம், வரப்போகிறவருக்காக அறுபத்தைந்து கிலோவை ஒதுக்கி வைத்தது. ஓடுகிற மனிதனைத் திரை டீம் வரைந்தது. முதலில் நடக்கிற மனிதனைத்தான் வரைந்தார்களாம், அவசரம் போதவில்லை என்று யாரோ சொல்லி ஓட விட்டார்கள். குரல் டீம் அந்த வரியைப் பதினொரு பெண்களைப் பேச வைத்து, அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. இதற்கெல்லாம் மேல், வருகை டீம் என்று ஒன்பது பேர் கொண்ட தனி டீமே உருவாகியிருந்தது. ஒவ்வொரு டீமும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது.

அக்கா வருகை டீமின் தலைவியைப் போய்ப் பார்த்தாள். நெடுநெடுவென்று உயரமான பெண். ஆபீசில் அவளுக்குக் 'கொடிமரம்' என்று பெயர்.

"யாரு வரப்போறாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையாம்மா?"

"கேட்டோம் மேடம். பதினாலு மாசம் முன்னாடி. கேள்வி இன்னும் க்யூல நிக்குது."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"உங்களுக்குத்தான்."

அக்காவின் பெட்டியில் படிக்காத கேள்விகள் ஆயிரத்து எண்ணூறு இருந்தன.

"அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சும்மா இல்ல மேடம். ஒருவேளை யாரும் வரலைன்னா லிஃப்ட் எப்படி வருத்தம் தெரிவிக்கணும்னு செஞ்சு வெச்சிருக்கோம். மூணு வகையில தெரிவிக்கும்."

[இந்த இடத்தில் நான் 'அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்' என்று எழுதியிருந்தேன். அக்கா: பொய். அழுகை வந்தது.]

அடுத்து, மொத்த டீம்களையும் மேய்க்கிறவரிடம் போனாள். டீம்கள் எல்லாவற்றையும் சேர்த்து அங்கே 'ட்ரெயின்' என்பார்கள்; ஆகவே அவர் 'ரயில்காரர்'. லிஃப்ட் செய்கிற இடத்தில் ரயில் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"4417-ஐத் தூக்கிடலாம் சார்," என்றாள் அக்கா.

"எப்படிம்மா தூக்கறது? கேட்டவர் சம்மதம் வேணுமே."

"கேட்டவர் யாருன்னே தெரியலையே."

"அப்ப அவரைக் கண்டுபிடிங்க. பத்து நாள்ல எல்லா டீமும் ஹால்ல கூடுது. அதுக்குள்ள சொன்னா எடுக்கலாம். இல்லேன்னா அடுத்த பத்து வாரத்துக்கு எதையும் மாத்த முடியாது."

ஆறு வாரத்தில் திறப்பு. கணக்குப் பார்க்க அக்காவுக்கு விரல்கூடத் தேவைப்படவில்லை.

4

சீட்டிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒரு கூட்டக் குறிப்பு வந்தது. (குறிப்பில் 'வேண்டும்' என்று வருகிற வரிகளைச் சிஸ்டமே சீட்டாக்கி, கேட்டவர் கட்டத்தில் 'யூசர்' என்று போட்டுவிடுமாம்.) குறிப்பிலிருந்து பின்னோக்கிப் போனால் அதை எழுதியவர் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார், ஒன்று நின்றுபோனால் ஒரு சொல்கூடத் தவறிவிடக் கூடாதே என்று. 'ரெட்டைப் பேனா' என்றால்தான் அவரைத் தெரியும். இப்போது அதே ஆபீசின் ஐந்தாம் மாடியில் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிறார்.

அக்கா தேதியைச் சொன்னதும் அலமாரியிலிருந்து நோட்டை உருவி, பக்கத்தைச் சரியாகத் திறந்தார். மருத்துவமனைக்காரர்களோடு நடந்த முதல் கூட்டம். விரலை வைத்துப் படித்தார்:

"பதினொன்று நாலு: கதவு மெதுவாக மூடுதல் வேண்டும் என மருத்துவமனைத் தரப்பு. பதினொன்று ஏழு: இருமல். பதினொன்று பத்து: சிறிது நேரம் இருத்தல் வேண்டும்; வருகை நிகழும் என மேடம்."

"எந்த மேடம்?"

"நீங்கதான்."

"நான் இப்படிப் பேசவே மாட்டேனே சார்."

"பேச்சு வழக்குல சொன்னீங்க. ரிக்கார்டுக்கு அது நல்லா இருக்காது. நான் திருத்தி எழுதினேன்."

"அப்ப நான் என்னதான் சொன்னேன்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அக்காவின் குரலையே கொண்டுவர முயன்றபடி சொன்னார்: "கொஞ்சம் இருங்கப்பா, வந்துடறேன்."

அக்காவுக்குக் காது சுட்டது. "அது போன்ல சொன்னது சார்! எங்கப்பாகிட்ட!"

"போன்ல சொன்னீங்களா, லிஃப்டுக்குச் சொன்னீங்களான்னு எனக்கெப்படி மேடம் தெரியும்? காதுல விழுந்ததை எழுதறது என் வேலை. எது தேவை, எது தேவையில்லைன்னு பாக்கத்தானே உங்களை வெச்சிருக்காங்க?"

பக்கத்தின் அடியைக் காட்டினார். 'சரிபார்த்தேன்' என்று எழுதி, அக்காவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

5

முதல் வரைவில் இந்தப் பகுதி கிடையாது. அக்கா ஓரத்தில் [இங்கே ஒரு படி விடுபட்டிருக்கிறது, உனக்கே தெரியும்] என்று எழுதினாள். ஆகவே சொல்கிறேன்.

அந்தக் கூட்டம் நடந்த அன்று அப்பா குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு வருவதற்குள் வீட்டுக் கதவு காற்றில் சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. பனியனோடு இரண்டாம் மாடிப் படியில் நின்றார். நல்ல வேளையாக போன் கையில் இருந்தது. அவர் முதலில் கூப்பிட்டது அக்காவை இல்லை. பதினொன்று ஐந்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். என்னிடம் மாற்றுச் சாவி இருந்தது. என் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். நான் ஒரு கதையின் முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அந்தக் கதையும் உருப்படவில்லை.

பதினொன்று பத்துக்கு அக்காவைக் கூப்பிட்டார். அவள் அந்த வரியைச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினாள். கூட்டம் நீண்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே கால் தாண்டியிருந்தது.

ரெட்டைப் பேனாவைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே அக்கா அப்பா வீட்டுக்குப் போனாள்.

"அப்பா, அன்னிக்குப் படியில எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"என்னிக்கு?"

"கதவு சாத்திக்கிச்சே, அன்னிக்கு."

"அதுவா. கொஞ்ச நேரந்தான்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சந்தாம்மா. நீ வர்ற வரைக்கும்."

"அஞ்சு மணி நேரம்ப்பா! ஏன் மறுபடி கூப்பிடல?"

அப்பா அவளை விசித்திரமாகப் பார்த்தார். "நீதான் வந்துடறேன்னு சொன்னியே. அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?" பிறகு, பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "போரடிக்கலம்மா. சுவத்துல தீயணைக்கிற சிலிண்டர் இருந்துச்சு. அதுல எழுதியிருந்ததைப் படிச்சிட்டிருந்தேன். கேளு, வரிசையா சொல்றேன்," என்று ஆரம்பித்தார். எட்டுக் குறிப்புகளையும் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

(ஒரு வரைவில் இந்த இடத்தில் அப்பாவைச் சாகடித்துப் பார்த்தேன். கதை உடனே கனமாகிவிட்டது. [அக்கா: அப்பா இதைப் படிப்பார்.] உயிரோடு திருப்பி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார்.)

6

இனி அக்கா நேராக ரயில்காரரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அசிங்கம் ஒரு காரணம். இன்னொன்று, லிஃப்ட் கொஞ்சம்கூட நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வருடமாக லிஃப்ட் பற்றி எழுதுகிறாள். மருத்துவமனை லிஃப்ட் முன்னால் ஒரு மணி நேரம் நின்றதில்லை.

மறுநாள் ஸ்டாப்வாட்ச்சோடு பழைய கட்டடத்துக்குப் போனாள். அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஒருவர், தோள் மட்டும் தனியாக வளர்ந்தவர்போல் இருந்தார். இந்த ஆள் கதைக்குள் வந்ததும் தத்துவம் பேசுவாரோ என்று பயந்தேன். பேசவில்லை. அவருக்கு அவ்வளவு நேரமில்லை.

"காலி ஸ்ட்ரெச்சரா இருந்தா சடக்குனு ஏத்திடுவேன்," என்றார். அக்கா அளந்தாள்: ஒன்பது விநாடி. மருந்து பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தால் இருபத்தொன்று. நோயாளியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கூடவே வந்தாள். லிஃப்ட் வாசலில் அவளுக்கு இடமில்லை, ஆனாலும் விடவில்லை. கதவு மூட வந்து ஸ்ட்ரெச்சரில் இடித்தது, திறந்தது, மறுபடி இடித்தது. ஒவ்வோர் இடிக்கும் படுத்திருந்தவர் கண்ணை இறுக்கினார். நாற்பத்து நான்கு விநாடி.

"அப்ப நாப்பத்தஞ்சுன்னு வெச்சிடலாமா?" என்றாள் அக்கா.

"வெச்சுட்டு நாலாவது மாடிக்கு வாங்க," என்றார் அவர்.

நாலாவது மாடியில் ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர்கள் மூன்று பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒரு நர்ஸ் பட்டனைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டே இருந்தாள்.

"கீழ நிக்கற லிஃப்ட், மேல இருக்கறவங்களுக்கு வராத லிஃப்ட் மேடம்," என்றவர், கீழிருந்து யாரோ கூப்பிட, படியிறங்கி ஓடினார்.

அக்காவின் தாளில் அன்று எழுபது எண்கள் இருந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

7

இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரியலாம்.

(அ) அக்கா சத்தமில்லாமல் 4417-ஐ மாற்றி எழுதிவிடுகிறாள். கேட்டவர் சம்மதம் என்ற கட்டத்தில் ஏதோ ஒரு பெயரைப் போடுகிறாள். யாருக்கும் தெரியவில்லை. [அக்கா: இது முடிவு இல்லை, எங்கள் ஆபீசில் இது செவ்வாய்க்கிழமைதோறும் நடப்பது.]

(ஆ) அக்கா வேலையை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் — இல்லை. அவளுக்கு மலை பிடிக்காது.

நடந்தது வேறு. பத்தாம் நாள் இருபத்து மூன்று டீமும் ஹாலில் கூடியது, இருநூற்றுப் பதினான்கு பேர். ஒரு சுவர் முழுக்கச் சீட்டுகள். யார் வேலை யாருடையதற்காகக் காத்திருக்கிறது என்று காட்ட, சீட்டுக்குச் சீட்டு சிவப்பு நூல். 4417-இலிருந்து கிளம்பிய நூல்கள் மட்டும் தனியாக ஒரு தொட்டில் கட்டலாம் போல இருந்தன. அக்கா மைக்கை வாங்கினாள். போன், அப்பா, படி, திருத்தி எழுதியது, தான் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.



ரயில்காரர் மெதுவாக மேடையேறினார். "அப்படின்னா அதைக் கேட்டது நீங்களா?"

"ஆமா சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. என் தப்புதான்."

அவர் ஹாலைப் பார்த்துத் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "யூசர் கிடைச்சுட்டாங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். இரண்டு வருடமாக 'யூசர் என்ன சொல்வார்', 'யூசருக்குப் பிடிக்குமா' என்று பேசிப் பேசித் தேய்ந்தவர்கள் அவர்கள். ஒரு யூசரையாவது கண்ணால் கண்டதில்லை. இப்போது ஒருவர் ரத்தமும் சதையுமாக மேடையில் நிற்கிறார். ஐந்தே நிமிடத்தில் அவள் முன்னால் அறுபத்தேழு பேர் வரிசை கட்டினார்கள்.

"மேடம், பட்டன் வட்டமா இருக்கணுமா, சதுரமா இருக்கணுமா?"

"நடுவுல நின்னுபோச்சுன்னா பாட்டு போடட்டுமா, சும்மா விடட்டுமா?"

"வரப்போறவங்க எடையை அறுபத்தஞ்சுன்னு வெச்சிருக்கோம். வரேன்னு சொன்னது நீங்கதானே, எடை சரியா மேடம்?"

"அறுபத்தொண்ணு," என்றாள் அக்கா யோசிக்காமல். எடை டீம் அதை உடனே மாற்றி, ஒப்புதலும் வாங்கிவிட்டது. [அக்கா: இந்த எண்ணை எடு.]

அடுத்து நின்றது கொடிமரம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பதினாலு மாசமா ஒரே ஒரு கேள்விதான் மேடம். எவ்வளவு நேரம்?"

அக்கா தன் தாளைப் பார்த்தாள். எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த ஹால் அதை வேதமாக எடுத்துக்கொள்ளும் என்பது தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு அது சுகமாகக்கூட இருந்ததாம். பிறகு மைக்கை அணைத்துவிட்டு, "நான் சொன்னா தப்பா போயிடும்மா. எல்லாரும் என்கூட வாங்க," என்றாள்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

அறுபத்தேழு பேரும் இரண்டு பஸ் பிடித்துப் போனார்கள். புதுக் கட்டடத்தில், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒருத்தர் படுங்க, ஒருத்தர் தள்ளுங்க, ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கங்க," என்றார். கதவு டீம் அன்றைக்கு மட்டும் 4417-ஐ அணைத்து வைத்தது, எடை டீம் படுத்தது, குரல் டீம் தள்ளியது. ஓடுகிற மனிதனை வரைந்தவர் முழங்காலில் இடிபட்டு, இனி அவனை ஓட விடமாட்டேன் என்றார். கொடிமரம் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுத்தாள். கதவு பாதத்தில் இரண்டு முறை தட்டியது. எழுந்து உட்கார்ந்தவள் யாரிடமும் பேசாமல் நாலாவது மாடிக்கு ஏறிப்போய், இன்னும் திறக்காததால் ஆளில்லாத அந்த வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

8

திறப்பு சொன்ன தேதியில் நடந்தது. பதிமூன்றாவது ஆளையும் லிஃப்ட் ஏற்றுகிறது. பெண் குரலை எடுத்துவிட்டார்கள். வருகை டீம் கலையவில்லை. மேலே எந்த மாடியில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வது இப்போது அவர்கள் வேலை. அக்காவின் பெட்டியில் படிக்காத கேள்விகள் எழுநூறாகக் குறைந்திருக்கின்றன. எனக்கு அப்பா இப்போது போன் செய்தால் இரண்டாவது மணியில் எடுக்கிறேன்; பெரும்பாலும் ரிமோட்டைக் காணோம் என்பார்.

4417-ஐத் திருத்தி எழுதினார்கள். கேட்டவர் கட்டத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் பெயரும் நாலாவது மாடி நர்ஸின் பெயரும் இருக்கின்றன. எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் இரண்டு இலக்கம் போடத்தான் இடம். கடைசியில் என்ன போட்டார்கள் என்று அக்காவைக் கேட்டேன்.

"உனக்குச் சொன்னா அதை வெச்சுக் கதையை முடிச்சிடுவ. நேரா போய் அளந்துட்டு வா," என்றாள்.

போனேன். முதல் முறை வாட்ச்சை அழுத்த மறந்தேன். இரண்டாம் முறை உள்ளேயிருந்த ஒருவர் மூடுகிற பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்தது, எண்ணிக்கொண்டிருந்தேன், பாதியில், தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒருவர் எக்ஸ்ரே உறையை ஆட்டியபடி ஓடி வந்தார். நான் கையை நீட்டிக் கதவைப் பிடித்துவிட்டேன். அவர் ஏறி, மூச்சு வாங்கியபடி தலையசைத்தார். என் எண்ணிக்கை பதினாறிலோ பதினேழிலோ அறுந்துபோயிருந்தது.

[அக்கா: செல்லாது. மறுபடி போ.]

நான் போவதாக இல்லை. உங்களுக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தால் ஒரு நடை போய்ப் பாருங்கள். கீழேயும் நில்லுங்கள், நாலாவது மாடியிலும் நில்லுங்கள். இடம் விட்டிருக்கிறேன், பேனாவால் எழுதுங்கள்:

கதவு [ _ _ ] விநாடி திறந்திருக்க வேண்டும்.

கேட்டவர்: ____________